கம்பெனி ஆள்

எங்கள் ஊரில் பிள்ளைகள் முதலில் ‘அம்மா’ என்கின்றன, அடுத்ததாக ‘கம்பெனி’ என்கின்றன. அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. சிவகாசியில் பட்டாசு செய்யும் இடம் கம்பெனி, காலண்டர் அடிக்கும் இடம் கம்பெனி, விடியற்காலையில் தெருமுனையில் ஹாரன் அடித்து எல்லோர் தூக்கத்தையும் கெடுப்பது கம்பெனி வேன். தீப்பெட்டி ஒட்டும் இடத்துக்கு மட்டும் என்னவோ ஆபீஸ் என்று பெயர். அங்கே நாற்காலியும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. ஆனாலும் ஆபீஸ்.

மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் “கம்பெனியில இருக்காரு” என்பார்கள். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. மிக்சி வாங்கப் போனால் “இது கம்பெனி சாமான்” என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். அதாவது, லேபிளை அவர் வீட்டில் வைத்து ஒட்டவில்லையாம். சாயங்காலம் தனியாகக் குடிக்கப் போகக் கூச்சப்படுகிறவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கம்பெனிக்குக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்தவர் செலவில் இரண்டு ஆம்லெட்டைத் தின்றுவிட்டு வந்து, “சும்மா கம்பெனி குடுத்தேன்” என்று மனைவியிடம் சொல்வார். அவளும் நம்பியதுபோல் இருப்பாள். பட்டாளத்தில் ஒரு கூட்டம் சிப்பாய்களுக்குக் கம்பெனி என்று பெயர். மிளகு வாங்கக் கப்பலில் வந்து நாட்டையே மடியில் கட்டிக்கொண்ட வெள்ளைக்காரனும் கம்பெனிக்காரன்தான். இப்படி ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தோம். அதற்குப் பூர்வீகம் என்று ஒன்று இருக்கிறது, அது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பது 2007ஆம் வருஷம் தீபாவளிக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பீர் முகைதீன். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். ரொட்டி, பன், கேக், பிஸ்கட். பாய் என்றால் பிரியாணி போட்டே தீர வேண்டும் என்று நினைத்து அண்டாவோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது. எனக்குப் பிரியாணி தின்னத்தான் தெரியும்.

ஒருநாள் காலை கடைவாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கார் வந்து நின்றது. பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதியின் மகன் இறங்கினார். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் ஒரு சாமி பெயர் இருக்கிறது. சாமியை எதற்கு இந்த வம்பில் இழுப்பது? மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சிவபாலகிருஷ்ணன். ஆஸ்திரேலியாவில் மேனேஜ்மெண்ட் படித்துவிட்டுத் திரும்பும்போது விமானத்தில் எடை கூடுகிறது என்று சொல்லிவிட்டார்கள் போல, ‘ஷிவ்’ மட்டும்தான் ஊர் வந்து சேர்ந்தது.

“பாய், கம்பெனின்னா என்ன அர்த்தம் தெரியுமா?” என்று கேட்டார்.

போணிகூட ஆகாத நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? “நீங்க சொல்லுங்க தம்பி” என்றேன்.

“லத்தீன் பாஷையில ‘கம்’னா கூட. ‘பானிஸ்’னா ரொட்டி. கூட உக்காந்து ஒரே ரொட்டியப் பிச்சுச் சாப்பிடுறவங்க, அதுதான் பாய் கம்பெனி! மொதல்ல பட்டாளத்துல ஒண்ணாச் சாப்பிட்ட சிப்பாய்களுக்கு அந்தப் பேரு வந்துச்சு. அப்புறம் கூட்டா யாவாரம் பண்ணினவங்களுக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல யாருக்குமே இது தெரியல.”

மாவு பிசைந்தே முதுகு வளைந்துபோன எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கத் தோன்றியது. உலகத்தில் உள்ள அத்தனை கம்பெனிக்கும் என் அடுப்புதான் பிறந்த வீடு என்று தெரிந்தால் யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் உள்ளே ஒரு சந்தேகமும் எட்டிப் பார்த்தது. மிளகு வாங்க வந்த அந்தக் கம்பெனி நம் ஆட்களோடு ஒருநாளாவது உட்கார்ந்து ரொட்டி பிய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பாவம், அவர்களுக்கும் லத்தீன் தெரியாமல் இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். சீசன் முடிந்து கடைசி லோடு வடக்கே கிளம்பிய பிறகு, போனஸ் போடுகிற நாளன்று, முதலாளியும் தொழிலாளிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடப் போகிறார்கள். அதைப் படம் பிடித்து, திருத்தங்கல் பிரஸ் ஒன்றில் அடுத்த வருஷத்துக் காலண்டராக அடித்து, இந்தியா முழுக்க உள்ள வியாபாரிகளுக்கு அனுப்பப் போகிறார்கள். படத்துக்குக் கீழே வார்த்தையின் பூர்வீகம் இங்கிலீஷில் வரும். ரொட்டி ஆர்டர் எனக்கு.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி கைருன்னிசா வெளியே எட்டிப் பார்த்தாள். “ரொட்டியா? அம்புட்டுப் பேருக்குமா காய்ச்சல்?” என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் ரொட்டி என்பது சீக்காளிச் சாப்பாடு. காய்ச்சல்காரனுக்குப் பாலில் தொட்டுக் கொடுப்பது. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் வெறும் கையோடு போகக்கூடாது என்று ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போவது. நல்லா இருக்கிற மனுஷனிடம் ரொட்டியை நீட்டினால், “எனக்கென்னய்யா வந்துச்சு?” என்று சண்டைக்கு வருவான். இதையெல்லாம் ஷிவ்விடம் சொன்னேன். ஒரிஜினலாக இருக்கவேண்டும், ரொட்டி இல்லாவிட்டால் அர்த்தமே இல்லை என்றார். கடைசியில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறிச் சால்னா, அதற்குப் பிறகு சோறு, குழம்பு என்று பேசி முடிந்தது. லத்தீன்காரனுக்கு ஒரு வாய், நம்மவர்களுக்கு ஒரு பந்தி.

இந்த இடத்தில் வேலுத்தாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னிடம் தவறாமல் ரொட்டி வாங்குகிறவர்களில் அவளும் ஒருத்தி. கனகசபாபதியின் கம்பெனியில் பாக்கிங் பகுதியில் வேலை. அவள் புருஷன் சங்கிலிமுத்துவும் அதே கம்பெனிதான், பட்டாசு மருந்து கலக்குகிற ரூமில். அவர்களுடைய அப்பன்கள் கரிசல்காட்டில் அடுத்தவர் பருத்தியை எடுத்தார்கள்; இவர்கள் அடுத்தவர் பட்டாசைச் செய்தார்கள். ஆவணி மாதம் ஒருநாள் அந்த ரூமில் மருந்து பற்றிக்கொண்டது. சங்கிலிமுத்துவுக்கு நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்துபோயின. உயிர் தங்கியதே இருக்கன்குடி மாரியம்மன் கருணை என்று வேலுத்தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த அவருக்கு, புண் ஆற ஆறக் கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து பிரிக்கலாம், ஆனால் ரொம்ப நாள் தள்ளிப் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் செலவு இன்சூரன்ஸில் வந்துவிடும், சங்கிலிமுத்து கம்பெனி ஆள் என்று கம்பெனி சொன்னால். கம்பெனி சொல்லவில்லை. போர்மேன் அய்யாத்துரை சொன்ன கணக்கே வேறு. சங்கிலிமுத்து அன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம். பெண்டாட்டி மறந்துவிட்டு வந்த சோற்று வாளியைக் கொடுக்க வந்தாராம். வந்த இடத்தில் வழி தவறி மருந்து ரூமுக்குள் போய்விட்டாராம். வருஷக்கணக்காக அதே ரூமில் வேலை பார்த்தவருக்கு வழி தவறிவிட்டதாம்! இதைச் சொல்லும்போது அய்யாத்துரை சிரிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். மருந்து ரூமுக்குள் அனுமதிக்கப்பட்ட ஆட்களுக்கு மேல் ஒருவரை வைத்து வேலை வாங்கினது வெளியே தெரிந்தால் லைசென்ஸுக்குச் சிக்கல். ஒரு வாளிச் சோறு அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது.

ஆர்டர் வந்த வாரம் மதுரைக்குப் போவதற்காக ரொட்டி வாங்க வந்தவளிடம், “ஒங்க கம்பெனியில விருந்தாம்ல? கம்பெனின்னா கூட உக்காந்து ரொட்டி திங்கிறவுகன்னு அர்த்தமாம். முதலாளி மகன் சொன்னாரு” என்றேன்.

வேலுத்தாய் ரொட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “அப்ப எங்க வீட்டுக்காருக்கும் ஒரு எலை போடுவாகளா பாய்?” என்று கேட்டாள்.

நான் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். கைருன்னிசாதான் ஒரு பன்னையும் சேர்த்துப் பையில் போட்டு, “பஸ்ஸுல பசிச்சாத் தின்னு தாயி” என்று அனுப்பினாள். அவள் போன பிறகு, “ஒமக்கு வாயி சும்மா கெடக்காதா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்து நாள் வந்தது. பட்டாசு ஷெட்டுகளுக்கு எட்டாத தூரத்தில், கேட்டுக்கு வெளியே உள்ள காலி இடத்தில் பந்தல். வரிசை வரிசையாக ஜமுக்காளம், வாழை இலை. ஒரு பக்கம் மேடை போட்டு வடக்கேயிருந்து வந்த வியாபாரிகளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் அங்கே இருந்தார். அவரைக் கூப்பிட்டது ஷிவ்; அப்பாவைக் கேட்காமல் கூப்பிட்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் கனகசபாபதி முகத்தில் வந்த சிரிப்பு, வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் காட்டுகிற சிரிப்பு. அய்யாத்துரை மட்டும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு தொழிலாளிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்கால் நொடித்தது, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் அதையும் எடுத்தார். நானும் கடைப் பையன்களும் இலைக்கு இலை ரொட்டி வைத்து, சால்னா ஊற்றிக்கொண்டு போனோம். வேலுத்தாய் முதலாளிக்கு எதிர் வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஷிவ் மைக்கைப் பிடித்தார். லத்தீன் வந்தது, பட்டாளம் வந்தது, ரொட்டி வந்தது. “இனிமே முதலாளி, தொழிலாளின்னு கிடையாது! கூட உக்காந்து சாப்பிடுற எல்லாரும் ஒரே கம்பெனி!” என்று முடித்தார். வடக்கத்தி வியாபாரிகள் தமிழ் தெரியாததால் பலமாகக் கைதட்டினார்கள்.

கனகசபாபதி ரொட்டியைப் பிய்த்தார், சால்னாவில் முக்கினார், வாயில் வைத்தார். பளிச்சென்று ஒரு படம். “அப்படியே எல்லாரும் சாப்பிடுங்க, ஒண்ணு எடுத்துக்கிடுறேன்” என்றார் போட்டோக்காரர்.

யாரும் சாப்பிடவில்லை.

வரிசையில் ஒரு கைகூட இலைக்குப் போகவில்லை. பெண்கள் வலது கையை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு இலையைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் என் ரொட்டி மேல்தான் சந்தேகம். உப்புப் போட மறந்துவிட்டேனோ என்று ஓரமாக ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஷிவ்வுக்கு வேறு எண்ணம். அவர் படித்த ஹாஸ்டலில் கிறிஸ்தவப் பிள்ளைகள் சாப்பிடுமுன் ஜெபம் செய்வார்களாம். இதுவும் அப்படி ஏதோ வழக்கம் என்று நினைத்து, மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏ புள்ளைகளா, திங்கச் சொன்னாத் திங்க வேண்டியதுதான? என்ன வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கீக?” என்று அய்யாத்துரை கத்தினார்.

முன்வரிசையில் இருந்த ராக்காயி வாயைத் திறந்தாள். திரி வெட்டுகிறவள், அந்தக் கம்பெனியிலேயே வயதில் மூத்தவள். “மொதலாளி கோவிச்சுக்கிடக் கூடாது. ஒரு வழக்கு முடியாமக் கெடக்கு. அது முடியாம எப்படிக் கை நனைக்கிறது?” என்றாள்.

கனகசபாபதிக்கு மெல்லுகிறது நின்றது. மகனுக்குத்தான் புரியவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கா தெரியாது? போன வருஷம் இதே ஷிவ்வுக்குப் பெண் பார்க்க விருதுநகர் போனார். பெண் வீட்டில் மிக்சர், கலர் சோடா எல்லாம் வைத்தார்கள். பேச்சு படியவில்லை. படியாத வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று, அந்த வெயிலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர் அவர். அவர் வாங்கிக்கொண்டு போன என் கடைக் கேக்கும் தட்டோடு திரும்பி வந்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். அப்புறம் வாய் திறந்து பழையதைப் பேச முடியாது. இத்தனை பேரும் வேனில் வரும்போதே பேசி முடித்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பாவும் பிள்ளையும் லத்தீனைப் பார்த்து இலை போட்டார்கள். உட்கார்ந்தவர்கள் தமிழில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைவிடக் கொடுமை, அத்தனை பேருக்கும் நடுவில் கை நனைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் கனகசபாபதி ஒருவர்தான்.

“என்ன வழக்கு?” என்றார், தெரியாதவர் மாதிரி.

“சங்கிலிமுத்து வழக்குதான்.”

“அதப் பெறகு ஆபீஸ்ல வச்சுப் பேசிக்கிடுவோம். இப்பச் சாப்பிடுங்க.”

“அப்ப நாங்களும் பெறகே சாப்பிட்டுக்கிடுதோம் மொதலாளி” என்றாள் ராக்காயி.

மேடையில் இருந்த இன்ஸ்பெக்டர், “யாரு சங்கிலிமுத்து?” என்று கேட்டார். அய்யாத்துரை ஓடிப்போய்ச் சோற்று வாளிக் கதையை ஆரம்பித்தார். வழி தவறின இடம் வரைக்கும் வந்திருப்பார், வேலுத்தாய் எழுந்துவிட்டாள்.

“சார், நான் ஒருநாளும் வாளிய வீட்டுல வச்சிட்டு வந்ததில்ல. நானும் அவுகளும் ஒரே வேன்லதான் ஏறுவோம். ரெண்டு வாளியும் என் மடியிலதான் இருக்கும். மத்தியானம் அந்தா அந்த வேப்பமரத்துக்கு அடியில கூட உக்காந்துதான் சாப்பிடுவோம். இங்கன இருக்கிற அம்புட்டுப் பேரும் பாத்திருக்காக. தம்பி இப்பச் சொன்னாகளே, அதப் பாத்தா நாங்க ரெண்டு பேருந்தான் சார் கம்பெனி.”

“ஆமா, ஆமா” என்று வரிசையில் நாலைந்து பேர் சொன்னார்கள். ஒருவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. அய்யாத்துரை கதையை அதே இடத்தில் விட்டுவிட்டார்.

கனகசபாபதி மேடையைப் பார்த்தார், போட்டோக்காரரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஷிவ் இப்போது கண்ணைத் திறந்திருந்தார். முதலாளி கையில் சால்னா காய ஆரம்பித்திருந்தது. கழுவவும் முடியாது, அடுத்த வாய் வைக்கவும் முடியாது. வடக்கத்தி வியாபாரி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், இங்கே தொழிலாளிகள் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்று இந்தியில் மெச்சிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கு அப்படித்தான் கேட்டது.

“சரிம்மா, அவன் நம்ம ஆளுதான். உக்காரு” என்றார் முதலாளி, பாதி விழுங்கியபடி.

“மைக்குல சொல்லுங்க மொதலாளி, கடைசி வரிசைக்குக் கேக்கல” என்றாள் ராக்காயி.

ஷிவ் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். அவராக யோசித்துத்தான் நீட்டினாரா, மைக் என்று காதில் விழுந்ததும் கை தானாக நீண்டதா, தெரியாது. ஆஸ்திரேலியாவில் படித்ததற்கு அந்த ஒரு காரியத்தை நான் கணக்கில் வைத்திருக்கிறேன். கனகசபாபதி இடது கையால் மைக்கை வாங்கினார். “சங்கிலிமுத்து நம்ம கம்பெனி ஆளு. மருந்து ரூம்ல வேல பாக்கும்போதுதான் தீ பட்டுச்சு. வைத்தியம் பூராம் கம்பெனி பொறுப்பு” என்றார். பந்தலின் நாலு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர் அதை ரோட்டில் போகிற பஸ் வரைக்கும் சொன்னது. இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

ராக்காயி ரொட்டியைப் பிய்த்து முதல் வாய் வைத்தாள். அவ்வளவுதான், பந்தலே இரைந்தது. “ஏலே, இங்கன சால்னா ஊத்து” என்று நாலு பக்கமும் கூப்பாடு. நானும் பையன்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீக்காளிச் சாப்பாடு என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

வேலுத்தாய் மட்டும் இலையைத் தொடவில்லை.

முதலாளி கவனித்துவிட்டார். “இன்னும் என்ன தாயி? அதான் சொல்லியாச்சுல்ல?” என்றார். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் கெஞ்சல்.

“எனக்கு ஒண்ணுமில்ல மொதலாளி. நீங்க சொன்னதே பெருசு. ஆனா நான் போறப்பல்லாம் அவுக கேக்காக, கம்பெனியிலேர்ந்து ஆராச்சும் பாக்க வந்தாகளான்னு. சீசன் நேரம், லோடு போயிக்கிட்டு இருக்கு, முடிஞ்சதும் வருவாகன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பத்தான் முடிஞ்சிருச்சுல்ல. ஒருக்கா வந்து பாருங்க. பெறகு நான் சாப்பிடுதேன்.”

கனகசபாபதி மனம் மாறிவிட்டார் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். இன்ஸ்பெக்டர் இன்னும் மேடையில் இருந்தார். அதோடு, முதலாளி பொல்லாத சகுனக்காரர். தான் போட்ட பந்தியில், அதுவும் தனக்கு நேர் எதிரே ஓர் இலை தொடாமல் கிடந்தால், அடுத்த சீசன் முழுக்க அது கண்ணுக்குள்ளேயே நிற்கும். எழுந்தார். கையைக் கழுவினார். டிரைவரைக் கூப்பிட்டார்.

“பாய், ஒரு ரொட்டி பாக்கெட் எடுத்துக்கிட்டு நீங்களும் ஏறுங்க. வெறுங்கையோட போக முடியாதுல்ல?” என்றார். ரொட்டிக்காக என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் காரில் வேலுத்தாயோடு தனியாக மதுரை வரை உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. எனக்கும்தான் அது எப்படிப்பட்ட பயணமாக இருக்கும் என்று பார்க்க ஆசை.

வேலுத்தாய் முன் சீட்டில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசி குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சொல்லவில்லை. பின்னால் நானும் முதலாளியும். விருதுநகர் தாண்டியதும்தான் கனகசபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, “மைதா இப்ப எப்படிப் போகுது பாய்?” என்றார். சொன்னேன். “ஓகோ” என்றார். மதுரை வரை அதுதான் பேச்சு.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர்கள் போய் வருகிற சாயங்கால நேரம். தீப்புண் வார்டில் ஓரக் கட்டிலில் சங்கிலிமுத்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கட்டு. இரண்டு கையிலும் முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. முதலாளி வருவதைப் பார்த்ததும் அந்த ஆள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார், முடியவில்லை. துணி சுற்றிய இரண்டு கைகளையும் தூக்கிச் சேர்த்து வைத்துக் கும்பிட்டார்.

கனகசபாபதி இரண்டு தடவை செருமினார். அடுத்து வந்தது, வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். “சங்கிலிமுத்து, நீ நம்ம கம்பெனி ஆளுப்பா. அத எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன்” என்றார்.

சங்கிலிமுத்து முதலாளியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், சிரித்தார். “அது என்ன மொதலாளி, புதுசாச் சொல்றீக?” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோற்று வாளிக் கதை இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. தன்னை வேலைக்கே வராதவன் என்று சொன்னதும் தெரியாது, வழி தவறினவன் என்று சொன்னதும் தெரியாது. இத்தனை நாளும் வேலுத்தாய் ரொட்டியை மட்டும்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இந்த வயதில் வார்டு நடுவே நின்று அழுதுவிடுவேனோ என்று என் மேலேயே கோபம் வந்தது.

“நம்ம கம்பெனி லோடு பூராம் ஏறிருச்சா மொதலாளி?” என்று சங்கிலிமுத்து கேட்டார். “சீசன் நேரம் பாத்து நான் இப்படிப் படுத்துட்டேன். ஆள் இல்லாம ரெம்பச் சங்கடப்பட்டிருப்பீக.”

கனகசபாபதி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

வேலுத்தாய் என் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிப் பிரித்தாள். ஒரு துண்டைப் பிய்த்து, கட்டிலருகே தம்ளரில் இருந்த பாலில் தொட்டாள்.

“அதெல்லாம் ஏறிருச்சு. நீங்க வாயத் தொறங்க” என்றாள்.